அம்மாவின் கப்ரு மேல் மஞ்சள் முள்

என் இடுப்பு போனது இந்த மஞ்சள் முள்ளால்தான். வேறு எதையும் குறை சொல்ல மாட்டேன். நாலு பிள்ளை பெற்றதில் போகவில்லை, சர்க்கரைக் கிழங்கு வயலில் பனிக்காலம் முழுக்கக் கூலிக்குப் போனதில் போகவில்லை. இந்தச் செடிதான் வாங்கிக்கொண்டது.

பார்த்தால் அப்படித் தெரியாது. முழங்கால் உயரம்தான். சாம்பல் பூசிய இலை, நல்ல ஊதாப் பூ, பூவுக்கு நடுவில் மஞ்சள். கத்தரிச் செடிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். ஆனால் தண்டு முழுக்கப் பொடி முள், இரண்டு கையுறை போட்டாலும் குத்தும். மேலே பிடுங்கினால் கீழே வேர் பத்திரமாக இருக்கும். அந்த வேர் இரண்டு ஆள் ஆழம் போகிறது என்கிறார்கள். உழுதால் வேர் துண்டுபட்டு, துண்டுக்கு ஒரு செடியாக வரும். ஆடு காயைத் தின்றால் விதையை ஊரெல்லாம் போட்டுவிட்டு வரும். தத்லா சமவெளியில் இது மிதிக்காத வயல் கிடையாது. மழை பொய்த்து, அணை வற்றி, வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்த்தே மாதக்கணக்கான இந்தக் காலத்தில் ஆலிவ் மரம்கூட வாடுகிறது. இது மட்டும் வாடுவதில்லை.

நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள். பாசன அலுவலகத்துக் கூலி. வாய்க்கால் கரை, ரோட்டோரம், ஓடைப் புறம்போக்கு என்று யாருக்கும் சொந்தமில்லாத நிலமெல்லாம் எங்கள் பாடு. வயல்காரன் தன் வயலைப் பார்த்துக்கொள்வான், புறம்போக்கை யார் பார்ப்பது? நான்தான் மேஸ்திரி. பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். மற்றவர்கள் குனிகிற அளவு நானும் குனிய வேண்டும், அதற்கு மேல் கத்தவும் வேண்டும்.

மருந்தடித்துப் பார்த்தாயிற்று. இலை கருகும், வேர் தூங்கும், அடுத்த சித்திரையில் எழுந்து வரும். ஒரே வழி, பட்டினி போட்டுக் கொல்வது. காய் பழுப்பதற்கு முன்னால் வெட்ட வேண்டும், மறுபடி தழைத்தால் மறுபடி வெட்ட வேண்டும், இலை என்று ஒன்று நிற்கவே விடக் கூடாது. விடாமல் சில கோடை இப்படி வெட்டினால் வேர் பசியில் சாகும் என்று அலுவலகத்து இன்ஜினியர் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. அடுத்த ஊர் வாய்க்காலில் அப்படிச் செய்து காட்டியிருக்கிறார்கள், நானே போய்ப் பார்த்தேன். கரை மொட்டையாகக் கிடந்தது. அதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

எங்கள் வாய்க்காலில் அது நடக்கவில்லை. காரணம் மையவாடி.

எங்கள் ஊர் மையவாடி வாய்க்காலின் தலைப்பக்கம், ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. ஊரில் செத்தவர்கள் எல்லோரும் அங்கேதான் அடக்கம். அந்த மேடு முழுக்க மஞ்சள் முள். பனிக்காலத்தில் காய்ந்த செடி முறிந்து காற்றில் உருளும், மஞ்சள் மணி மணியாகக் காய் சிதறும், ஒரு மழை பெய்தால் போதும், எல்லாம் வாய்க்காலுக்குள் வந்து சேரும். வாய்க்கால் அதை வஞ்சகமில்லாமல் எல்லா வயலுக்கும் பங்கு வைக்கும். நாங்கள் கீழே வெட்டிக்கொண்டே வர, செத்தவர்கள் மேலே உட்கார்ந்து விதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே போய் வெட்ட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். வெட்ட முடியாது. கப்ரின் மேல், புதைத்த இடத்தில், பச்சையாக ஒரு செடி நின்றால், அது பச்சையாக இருக்கும் வரை படைத்தவனைத் துதித்துக்கொண்டிருக்கும், அந்தத் துதியில் கீழே கிடப்பவருக்குக் கொஞ்சம் இளைப்பாறல் கிடைக்கும். இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அதை அந்நியக் கை போய் அறுத்தால், கீழே இருப்பவரின் நிழலை அறுத்த மாதிரி. எங்கள் இமாம் துஹாமி, மரியாதையாகச் சி துஹாமி என்போம், இளகின மனசுக்காரர், யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். அவர்தான் ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு வழி சொன்னார். பச்சையைத் தொடாதீர்கள், காய்ந்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்படியே செய்தோம். ஒவ்வொரு வருஷமும் இலையுதிர் காலத்தில் போய் நன்றாகக் காய்ந்த செடியாகப் பார்த்துப் பிடுங்குவோம். ஒவ்வொரு பிடுங்கலுக்கும் சலசலவென்று பழுத்த காய் கொட்டும். நாங்களே விதைத்துவிட்டு நாங்களே கோடையில் வெட்டினோம். சொன்னால் சிரிப்பீர்கள், பல வருஷம் இதைத்தான் செய்தோம்.

இந்த வருஷம் கோடை தொடக்கத்தில் இன்ஜினியர் வாய்க்கால் கரைக்கு வந்தார். எப்போதும் வண்டியிலிருந்தே பேசுகிறவர் அன்றைக்கு இறங்கி வந்தார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நல்ல சேதி இல்லை. பெயருக்கு முன்னால் லல்லா என்று மரியாதை வேறு.

"லல்லா ருகியா, மேலிடத்துல கேக்குறாங்க. மையவாடியை வெச்சுக்கிட்டு இந்த வாய்க்காலை வெட்டுறது வீண் வேலைதானேன்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

"வீண் வேலைன்னு எங்களுக்குத் தெரியாதா? எங்க இடுப்புக்குத் தெரியும்."

"இந்தக் கோடையில மையவாடி சுத்தமானா சரி. இல்லைன்னா அடுத்த வருஷம் இங்க ஆள் போட மாட்டாங்க. கரையை அப்படியே விட்டுடுவாங்க."

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. எங்கள் பெண்கள் எல்லோருக்கும் இந்த வாய்க்காலின் கீழே துண்டு துண்டாக நிலம் இருக்கிறது. என் மகன் வெங்காயம் போடுகிற நிலமும் அங்கேதான். பத்துக் கோடை இந்தக் கரையில் தேய்ந்தது கூலிக்கு மட்டுமில்லை. அதை அப்படியே விட்டுவிட்டுப் போனால் என் இடுப்பை எதற்குக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாமல் போய்விடும்.

அன்றைக்கே ஹத்தாவைக் கூட்டிக்கொண்டு சி துஹாமி வீட்டுக்குப் போனேன். ஹத்தா என் கும்பலில் மூத்தவள், என் வயதுக்காரி, விதவை. அவள் வாய்க்குப் பயந்து வயல்காரர்கள் வேறு பாதையில் போவார்கள். சி துஹாமி புதினாத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, நாங்கள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார்.

"காஞ்ச பிறகு எடுத்துக்கலாம்னு சொல்லியிருக்கேனே" என்றார்.

"சி துஹாமி, உங்க மேல இருக்கிற மரியாதையில சொல்றேன்" என்றாள் ஹத்தா. "இது தும்பை விட்டு வாலைப் புடிக்கிற வேலை. செத்தவங்களுக்கு நிழல் கிடைக்குது, சரி. உயிரோட இருக்கிறவனுக்கு வயல் போகுதே. அவன் செத்தா அவனுக்கு யார் நிழல் போடுவா?"

அவர் கண்ணாடி டம்ளரைத் தட்டில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அடுத்த வீட்டு விளக்கை நாம போய் அணைக்கக் கூடாது. வீட்டுக்காரனே அணைச்சா, நாம ஏன்னு கேக்க முடியாது இல்லையா? சொந்த ரத்தம் வந்து, இறைவன் பேரால பிஸ்மி சொல்லி, தன் கையால எடுத்துட்டு, அதுக்குப் பதிலா ஒரு பச்சைக் கிளை வெச்சா, தப்பில்லைன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா மண்ணைத் தோண்டக் கூடாது. மேல மட்டும்தான்."

"எல்லாச் சொந்தத்தையும் எப்படிக் கூட்டுறது?" என்று கேட்டேன்.

"ஆஷுரா நாள்ல கப்ருக்குத் தண்ணி ஊத்த வராதவங்க யாரு? அன்னைக்கே ஆளுக்கு ஒரு அரிவாளும் எடுத்துட்டு வரட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில நான் சொல்லிடறேன். ஆனா ஒண்ணு மகளே, சொன்னா யாரும் கை வைக்க மாட்டாங்க. அவ வைக்கட்டும், இவ வைக்கட்டும்னு நிப்பாங்க. மேஸ்திரி நீதான் முதல்ல உங்கம்மா கப்ருல கை வைக்கணும்."

"அதுக்கென்ன, வைக்கிறேன்" என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொன்னேன். என் அம்மா உயிரோடு இருந்தவரைக்கும் இந்தச் செடியைத் திட்டிக்கொண்டே பிடுங்கியவள். அவளுக்கு ஆட்சேபம் இருக்காது என்று தெரியும். தம்பி ஷர்க்கியை நான் அப்போது நினைக்கவே இல்லை.

ஷர்க்கி இத்தாலியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறான். ஒவ்வொரு கோடையிலும் வண்டிக் கூரையில் மூட்டை கட்டிக்கொண்டு வருவான். இந்த வருஷம் ஆஷுராவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டான். மனைவி பிள்ளைகளை அவள் பிறந்த வீட்டில் இறக்கிவிட்டு என் வீட்டில் வந்து தங்கினான். வந்த அன்றே, சாப்பிட்ட கையோடு, ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனை எடுத்துக்கொண்டு மையவாடிக்குக் கிளம்பினான். மறுநாளும் போனான். அதற்கு மறுநாள் நானும் பின்னாலேயே போனேன்.

அம்மா கப்ரைச் சுற்றி அவன் இரண்டு வருஷம் முன்னால் சிமெண்ட் விளிம்பு கட்டி வெள்ளையடித்திருந்தான். நடுவில் மண் திறந்தபடி. அந்த விளிம்பு மழைத்தண்ணீரைத் தொட்டி மாதிரி பிடித்து வைத்துக்கொண்டதோ என்னவோ, மேட்டிலேயே அடர்த்தியாக அம்மா மேல்தான் மஞ்சள் முள் நின்றது. மேட்டில் வேறு புல்பூண்டெல்லாம் கருகிக் கிடக்க, அது மட்டும் ஊதாவாகப் பூத்துக் கிடந்தது. அவன் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். நான் பத்து வருஷமாக எதைக் கொல்லப் பாடுபடுகிறேனோ அதற்கு என் தம்பி உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினான்.

"ஷர்க்கி, அது என்னன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன. சின்ன வயசுல இதைப் புடுங்கிப் புடுங்கி என் கை கிழிஞ்சதில்லையா? இத்தாலி போனா மறந்துடுமா?"

"அப்புறம் என்னத்துக்குத் தண்ணி ஊத்துற?"

அவன் கேனை வைத்துவிட்டு விளிம்பில் உட்கார்ந்தான்.

"இமாம் ஜும்ஆவுல சொன்னதைக் கேட்டேன்க்கா. ஆஷுரா அன்னைக்கு நீதான் முதல்ல வெட்டப் போறியாமே. ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை நீ கேக்கல."

"நீ எங்க இருந்த கேக்க?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. அம்மா இறந்தது நோய்க்காலத்தில். எல்லையெல்லாம் அடைத்திருந்தார்கள், விமானம் இல்லை, கப்பல் இல்லை. ஊருக்குள்ளேயே வீட்டை விட்டு வெளியே வர அனுமதிச் சீட்டு வேண்டும். பெண்கள் அடக்கத்துக்குப் போகிற வழக்கமும் எங்களில் கிடையாது. ஒரே மகன் கடலுக்கு அந்தப் பக்கம். பக்கத்துத் தெருவிலிருந்து வந்த நாலு ஆண்கள் முகத்தை மூடிக்கொண்டு அம்மாவை இறக்கி வைத்தார்கள். அதில் ஒருவன் எங்களுக்குப் பிடிக்காதவன்கூட. குழிக்குள் இறங்கித் தாயை வாங்கி வைக்க வேண்டியவன் மகன்.

"அதைத்தான் சொல்றேன்" என்றான் ஷர்க்கி. அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் இல்ல. ரோஜா கொண்டு வந்து வெச்சேன், பட்டுப்போச்சு. வாசனைக்கு ரைஹான் கன்னு வெச்சேன், அதுவும் நிக்கல. இந்தத் தண்ணியில்லாத காட்டுல யாரும் கூப்பிடாம இது வந்து நிக்குது. அம்மா இதை எவ்வளவு திட்டியிருப்பா? இந்தச் சனியன்கூட அவகிட்ட வந்துச்சுக்கா. நான் வரல."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். செடியில் சின்னச் சின்னக் காய், வரி போட்ட பச்சை நிறத்தில், பிடித்திருந்தது. என் கண் அதைத்தான் பார்த்தது. பழக்கதோஷம். எத்தனை காய், எப்போது பழுக்கும் என்று மனசு பாட்டுக்குக் கணக்குப் போட்டது. அந்த நேரத்தில் அப்படிக் கணக்குப் போட்ட என்னை எனக்கே பிடிக்கவில்லை.

"நான் திரும்பிப் போற வரைக்கும் விட்டு வை அக்கா. ஒரு மாசம். அப்புறம் நீ என்ன வேணா செஞ்சுக்கோ."

"ஒரு மாசத்துல காய் பழுத்துடும்டா."

"பழுக்கட்டும்."

வீட்டுக்குத் தனித்தனியாக வந்தோம்.

ஆஷுராவுக்கு முந்திய நாட்களில் நான் ஒரு வழி தேடாமல் இல்லை. வாய்க்கால் கரையில் ரொட்டியும் ஆலிவும் தின்னும்போது ஹத்தாவிடம் மெல்லப் பேச்சை எடுத்தேன்.

"ஒரு கப்ரை மட்டும் விட்டா என்ன? காய் ஒவ்வொண்ணா நானே கையால பறிச்சுடறேன். ஒண்ணுகூட விழாது. செடி மட்டும் பூத்துக்கிட்டு நிக்கட்டும்."

ஹத்தா வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"பறிப்பே. உன்னைப் பத்தித் தெரியாதா? பறிச்சுடுவே. ஆனா எங்க தெரு மஹ்ஜூபா அவ புருஷனுக்கு ஒண்ணு விடணும்பா. பெரிய வீட்டுக்காரங்க அவங்க பாட்டனாருக்கு விடணும்பாங்க. எனக்கும் ஒருத்தன் அங்க படுத்திருக்கான், உயிரோட இருந்தப்போ எனக்கு ஒரு நிழலும் குடுக்காத மனுஷன், அவனுக்கும் ஒண்ணு விடுவேன். ஆளாளுக்கு ஒண்ணு விட்டா என்ன மிச்சம்?"

"அவன் முகத்தைப் பார்க்க முடியலடி."

"அப்போ அவன் முகத்தையே பாரு. கரையை விட்டுடுவோம். எனக்கும் கால் வலிதான்" என்றாள். அதைக் கோபமாகச் சொல்லவில்லை, சலிப்பாகச் சொன்னாள். எங்கள் எல்லோருக்கும் சலித்துப் போயிருந்தது.

ஆஷுரா வந்தது. காலையிலேயே மேட்டில் கூட்டம். வாசலில் ரைஹான் கட்டு விற்கிறவர்கள், பன்னீர் விற்கிறவர்கள், மண் மேளம் தட்டிக்கொண்டு ஓடுகிற குழந்தைகள், உலர்ந்த அத்திப்பழமும் வாதுமையும் மடியில் கட்டிக்கொண்டு பங்கு வைக்கிற பெண்கள். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கப்ருக்குத் தண்ணீர் ஊற்றியது. அரிவாள் எல்லோர் கையிலும் இருந்தது. ஒருவரும் குனியவில்லை. சி துஹாமி நடுவில் நின்று ஓதிக்கொண்டே ஓரக்கண்ணால் என்னைத்தான் பார்த்தார்.

ஷர்க்கி அம்மா தலைமாட்டில் நின்றான். வெள்ளை ஜெல்லாபா அங்கி, புதிதாக மழித்த முகம். என்னைத் தடுக்கவில்லை. வழியும் விடவில்லை. நான் அவனுக்கு எதிரே கால்மாட்டில் நின்றேன். நாங்கள் அப்படியே நின்றோம். மேட்டில் பேச்சுச் சத்தம் மெல்லக் குறைந்தது.

மஹ்ஜூபாவுக்குப் பொறுக்கவில்லை. ஊரில் எல்லோரும் மனசுக்குள் நினைப்பதை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறவள் அவள்.

"என்ன மேஸ்திரி, ஊருக்குத்தான் உபதேசமா? உங்கம்மாவுக்கு மட்டும் நிழல் வேணும், எங்க வீட்டு ஆளுங்க வெயில்ல கெடக்கட்டுமா? நல்லா இருக்கு நியாயம்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் குத்தியது. நான் பிஸ்மி சொல்லிக் குனிந்தேன்.

"அக்கா" என்றான் ஷர்க்கி, எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"அம்மாவா இருந்தா இந்நேரம் வெட்டி முடிச்சிருப்பாடா."

"தெரியும். அவ வெட்டினா நான் பார்த்துக்கிட்டு நிப்பேன். நீ வெட்டாதே."

வெட்டினேன். செடியை இடது கையால் சேர்த்துப் பிடித்து மண்ணை ஒட்டி அறுத்தேன். எத்தனையோ ஆயிரம் அறுத்த கை, அது தானாகவே செய்தது. முள் கையுறையைத் தாண்டி ஏறியது. அறுத்ததையெல்லாம் உர மூட்டைப் பையில் திணித்துவிட்டு நிமிர்ந்தபோது ஷர்க்கி அங்கே இல்லை. மேட்டிலிருந்து இறங்கிப் போய்க்கொண்டிருந்தான். ஜெல்லாபாவின் நுனி மண்ணில் இழுபட்டது. அம்மா கப்ரு மொட்டையாக, விளிம்புக்குள் வெறும் மண்ணாகக் கிடந்தது. நான் ரைஹான் கிளையை வைத்தேன். அது அங்கே அந்நியமாகத் தெரிந்தது.

அதன் பிறகு எல்லோரும் குனிந்தார்கள். அரிவாள் சத்தம் மேடு முழுக்கக் கேட்டது. அழுதுகொண்டே வெட்டினார்கள், பேசிக்கொண்டே வெட்டினார்கள். ஹத்தா தன் புருஷன் கப்ரில் உட்கார்ந்து அவனை நன்றாகத் திட்டிவிட்டு வெட்டினாள். மத்தியானத்துக்குள் பைகள் வாசலில் மலையாகக் குவிந்தன. ஓடையில் கொண்டுபோய்க் கொளுத்தினோம். இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் ஜெயித்துவிட்டேன் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு எங்காவது படுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்குப் போனபோது ஷர்க்கி மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். இன்னும் மூன்று வார விடுப்பு பாக்கி. மனைவி வீட்டில் போய் இருக்கிறேன், அப்படியே கப்பல் ஏறிவிடுவேன் என்றான். சலாம் சொன்னான். எங்களில் இளையவர்கள் விடைபெறும்போது மூத்தவர் தலையில் முத்தம் வைப்பார்கள். அவன் வைக்கவில்லை. வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்றேன். பிறகு உள்ளே போய்க் கையில் ஏறியிருந்த முள்ளை ஊசியால் எடுத்துக்கொண்டு அழுதேன். முள்ளுக்காக அழுகிறேன் என்று என் மருமகள் நினைத்துக்கொண்டாள். நானும் விட்டுவிட்டேன்.

மூன்று வாரத்தில் எல்லாம் மறுபடி முளைத்தது. முளைக்கும் என்று தெரியும். மேலேதானே அறுத்தோம், கீழே வேர் அப்படியே இருக்கிறது, மண்ணைத் தோண்ட அனுமதி இல்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை குறித்து மறுபடி எல்லோரையும் கூப்பிட்டேன். ஆஷுராவுக்கு மேடு கொள்ளாத கூட்டம் வந்தது, இப்போது பாதிப் பேர்கூட வரவில்லை. வந்தவர்களும், "இன்னும் எத்தனை தடவை லல்லா ருகியா?" என்றார்கள். எத்தனை தடவை என்று எனக்குத் தெரிந்தால் சொல்ல மாட்டேனா? வராதவர்கள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். கெஞ்சினேன், திட்டினேன். மஹ்ஜூபா மட்டும் கூப்பிடாமலே வந்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அன்றைக்கு எல்லாக் கப்ரையும் சுற்றிவிட்டுக் கடைசியாக அம்மாவிடம் வந்தேன். வெயில் தலைக்கு மேல் நின்றது. முட்டி போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று பயம், ஆனாலும் உட்கார்ந்தேன். விளிம்புக்குள் விரல் உயரத்துக்குத் தளிர் விட்டிருந்தது. அரிவாளை எடுக்கும்போது மடியில் போன் அடித்தது. ஷர்க்கி. போன பிறகு அவன் என்னைக் கூப்பிட்டதே இல்லை. நான் கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை.

"எங்கே இருக்கே?" என்றான். சலாம் இல்லை, அக்கா இல்லை.

"அம்மாகிட்ட."

அவனுக்குப் பின்னால் ஏதோ மெஷின் ஓடியது. வேலை இடத்திலிருந்து பேசுகிறான்.

"முளைச்சிருக்கா?"

பத்துக் கோடையாக என்னிடம் எத்தனையோ பேர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் 'ஆமாம்' என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும்.

"முளைச்சிருக்குடா. நல்லா முளைச்சிருக்கு."

"காட்டு."

படம் தெரிகிற பொத்தானை அழுத்திப் போனைத் திருப்பிப் பிடித்தேன். வெயிலில் எனக்கு அவன் முகம் சரியாகத் தெரியவில்லை. குல்லாவும் தடித்த மேற்சட்டையுமாக எங்கோ ஒரு மூலையில் நின்றிருந்தான். இங்கே நாங்கள் வெந்துகொண்டிருக்க, அவன் வாயிலிருந்து குளிருக்குப் புகை வந்தது.

"இவ்வளவு சின்னதா" என்றான்.

"இப்பத்தானே வந்திருக்கு."

செத்தவர்களுக்காக ஓதும் பாத்திஹாவை அவன் ஓதினான். நடுவில் குரல் உடைந்தது. விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினான், மறுபடி உடைந்தது. அம்மா போன செய்தியைச் சொன்ன அன்றைக்குக்கூட அவன் போனில் அழவில்லை, சரி சரி என்றுதான் சொன்னான். இப்போது சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதான். நான் போனை அசைக்காமல் பிடித்திருந்தேன். என் முட்டி கல்லில் அழுந்தி மரத்துப் போனது. நகரவில்லை.

"இன்னைக்கும் வெட்டணுமாக்கா?"

"வெட்டணும்டா."

"இனிமேயும் முளைக்குமா?"

"முளைக்கும். எப்ப நிக்கும்னு எனக்குத் தெரியாது. ஒரு நாள் நின்னுடும்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ அவனை அந்த ஊர் மொழியில் கூப்பிட்டார்கள், அவன் பதில் சொல்லவில்லை.

"சரி, வெட்டு" என்றான்.

"நீ பார்க்க வேண்டாம். வேலைக்குப் போ. நான் வெச்சுடறேன்."

"வைக்காதே. இந்தத் தடவை நான் கடைசி வரைக்கும் நிக்கிறேன்."

ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மறு கையால், ஒவ்வொரு தளிராக அறுத்தேன். கும்பலில் யாராவது இவ்வளவு மெதுவாக வேலை செய்திருந்தால் கத்தியிருப்பேன். ரொம்ப நேரம் ஆனது. அவன் நின்றான்.